ஃபிக்மெண்ட் நினைவுப் பொருட்கள்

ஃபிக்மெண்ட் நினைவுப் பொருட்கள் என்பவை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தில் 1983 முதல் 1998 வரை இயங்கிய ‘ஜர்னி இன்டு இமேஜினேஷன்’ என்ற சவாரியின் நினைவாகச் சேகரிக்கப்படும் பொம்மைகள், சட்டையில் குத்திக்கொள்ளும் பின் வில்லைகள், சட்டைகள், குவளைகள், சுவரொட்டிகள், பாப்கார்ன் வாளிகள் முதலியவை ஆகும். சவாரியின் பெயருக்குக் ‘கற்பனைக்குள் ஒரு பயணம்’ என்று பொருள். அதில் தோன்றிய ஊதா நிறக் குட்டி டிராகனின் பெயரே ஃபிக்மெண்ட்.

அந்தச் சவாரி தன் முதல் வடிவில் இன்று இல்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் பார்க்க முடியாது. ஆனால் அதன் நினைவுப் பொருட்கள் இன்றும் புதிதாக உற்பத்தியாகின்றன, பழையவை கைமாறுகின்றன. மூடப்பட்ட ஒரு சவாரி, மூடப்பட்ட பிறகும் எப்படி விற்பனையாகிறது, மக்கள் ஏன் வாங்குகிறார்கள், அதனால் யாருக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சவாரியின் தோற்றம்

வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தின் இரண்டாவது பூங்காவான எப்காட், 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் ‘எப்காட் சென்டர்’. அறிவியல், தொழில்நுட்பம், உலக நாடுகளின் பண்பாடு ஆகியவற்றை வேடிக்கையோடு கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு காட்சிக்கூடம் அமைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் அவற்றுக்கு நிதி வழங்கின. கற்பனைத் திறனுக்கான கூடத்துக்குப் பண உதவி செய்தது, புகைப்படச் சுருள் தயாரித்த கோடாக் நிறுவனம். கண்ணாடியால் ஆன பிரமிடு வடிவக் கூரைகளால் இக்கூடம் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும்.

கூடம் திறந்தபோது சவாரி தயாராக இருக்கவில்லை. அது 1983 மார்ச் 5 அன்றுதான் இயங்கத் தொடங்கியது. இருட்டான கட்டடத்துக்குள் தண்டவாளத்தில் மெல்ல நகரும் வண்டியில் அமர்ந்து, இருபுறமும் அமைந்த காட்சிகளைப் பார்த்தபடி செல்லும் வகையைச் சேர்ந்தது இது. உயரத்திலிருந்து விழுவதோ தலைகீழாகச் சுழல்வதோ இதில் கிடையாது. ஆகவே கைக்குழந்தையோடு வந்தவர்களும் முதியவர்களும் ஒன்றாக ஏற முடிந்தது. மூன்று தலைமுறையினருக்கும் பொதுவான நினைவாக இது நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சவாரியை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் டோனி பேக்ஸ்டர் என்ற வடிவமைப்பாளர். பாடலுக்கு இசையமைத்தவர்கள், ‘மேரி பாப்பின்ஸ்’ திரைப்படப் பாடல்களால் புகழ்பெற்ற ஷெர்மன் சகோதரர்கள். பாடலின் பெயர் ‘ஒன் லிட்டில் ஸ்பார்க்’. சிறு பொறி ஒன்று என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

கதையும் இரு பாத்திரங்களும்

சிவந்த தாடியும் உயரமான தொப்பியும் அணிந்த ட்ரீம்ஃபைண்டர் என்ற முதியவர், விந்தையான பறக்கும் இயந்திரத்தில் உலகைச் சுற்றி வந்து கற்பனைப் பொறிகளைச் சேகரிக்கிறார். பயணத்தின் தொடக்கத்தில் அவர் நம் கண்முன்னே ஒரு புதிய உயிரைப் படைக்கிறார். மாட்டுக் கொம்புகள், பெரிய மஞ்சள் கண்கள், இரண்டு சிறிய சிறகுகள், உடல் முழுவதும் ஊதா நிறம், இவற்றோடு குழந்தையின் உற்சாகம் ஆகியவற்றைக் கலந்தால் கிடைப்பவன்தான் ஃபிக்மெண்ட். ‘இல்லாததை இருப்பதாக மனம் படைத்துக்கொள்வது’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அவனுக்குப் பெயராயிற்று.

இந்த முதல் காட்சியின் இயந்திர அமைப்பு குறிப்பிடத்தக்கது. மிகப் பெரிய வட்டமான சுழல்மேடை ஒன்றில் காட்சிகள் அமைந்திருந்தன. அந்த மேடையின் வேகத்துக்கு ஏற்ப வண்டிகளும் வளைந்து நகர்ந்தன. இதனால் ட்ரீம்ஃபைண்டரின் இயந்திரம் பயணிகளோடு சேர்ந்தே பறப்பதுபோலத் தோன்றியது. பயணி ஒவ்வொருவரும் ஒரே காட்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க முடிந்தது. அதன்பின் கலை, இலக்கியம், நாடகம், அறிவியல் என நான்கு துறைகளில் கற்பனை எப்படிப் பயன்படுகிறது என்று சவாரி காட்டியது. இறங்கியதும் மாடியில் ‘இமேஜ் ஒர்க்ஸ்’ என்ற விளையாட்டுக்கூடம் இருந்தது. குழந்தைகள் ஒளியையும் ஒலியையும் தாங்களே இயக்கிப் பார்க்கலாம்.

சவாரிக்கு வெளியேயும் ட்ரீம்ஃபைண்டர் வேடமிட்ட நடிகர், கையில் ஃபிக்மெண்ட் பொம்மையுடன் நடந்துவந்து குழந்தைகளோடு பேசுவார். தொடக்க ஆண்டுகளில் இவ்வேடம் ஏற்றவர் ரான் ஷ்னைடர். தம் அனுபவங்களை அவர் பின்னாளில் நூலாகவும் எழுதினார். பள்ளிகளுக்காக டிஸ்னி தயாரித்த கல்விப் படங்களிலும் ஃபிக்மெண்ட் தோன்றினான்.

மூடலும் மாற்றமும்

முதல் சவாரி 1998 அக்டோபரில் மூடப்பட்டது. ஓராண்டு கழித்து, 1999 அக்டோபர் 1 அன்று, அதே கட்டடத்தில் ‘ஜர்னி இன்டு யுவர் இமேஜினேஷன்’ என்ற புதிய சவாரி திறக்கப்பட்டது. பாதை சுருக்கப்பட்டது. சுழல்மேடைக் காட்சி நீக்கப்பட்டது. ட்ரீம்ஃபைண்டர் முற்றிலும் மறைந்தார். ஃபிக்மெண்ட் ஓரிரு இடங்களில் மட்டும் வந்து போனான்.

வருகையாளர்களிடமிருந்து கடும் அதிருப்தி எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 2001 அக்டோபரில், இந்த இரண்டாம் வடிவமும் மூடப்பட்டது. 2002 ஜூன் மாதம் ‘ஜர்னி இன்டு இமேஜினேஷன் வித் ஃபிக்மெண்ட்’ என்ற மூன்றாம் வடிவம் திறந்தது. ஃபிக்மெண்டும் பழைய பாடலும் திரும்பினர்; ட்ரீம்ஃபைண்டர் திரும்பவில்லை. அவருக்குப் பதிலாக நைஜல் சானிங் என்ற பாத்திரத்தில் ஆங்கில நகைச்சுவை நடிகர் எரிக் ஐடில் திரையில் தோன்றினார்.

இதனால் ஒரு விசித்திரமான நிலை ஏற்பட்டது. பாத்திரம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பெயரும் ஏறத்தாழ அதேதான். ஆனால் சிறுவயதில் பார்த்த சவாரி மட்டும் இல்லை. முழுமையாக இடிக்கப்பட்ட ஒன்றை மறப்பதைவிட, பாதி மட்டும் எஞ்சியிருக்கும் ஒன்றை மறப்பது கடினம். ஃபிக்மெண்ட் பொருட்களுக்கான தேவை நீடிப்பதற்கு இந்நிலை முக்கியமான காரணம் எனலாம்.

ஏக்கமும் பொருளும்

கடந்த காலத்தைப் பற்றிய இனிய ஏக்கத்தை ஆங்கிலத்தில் ‘நாஸ்டால்ஜியா’ என்பர். இச்சொல்லை உருவாக்கியவர் ஜோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர். வீடு திரும்புதல், வலி ஆகிய பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, 1688இல் தம் ஆய்வேட்டில் அவர் இதைப் பயன்படுத்தினார். தாய்நாட்டைப் பிரிந்து வாழ்ந்தவர்களிடம் கண்ட ஒரு நோய்க்கே அவர் இப்பெயரை வைத்தார். காலப்போக்கில் நோய் என்ற பொருள் மறைந்தது. இடத்துக்கான ஏக்கம், காலத்துக்கான ஏக்கமாக மாறியது.

நினைவுப் பொருட்களைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க எழுத்தாளர் சூசன் ஸ்டூவர்ட், 1984இல் வெளிவந்த தம் நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். மீண்டும் மீண்டும் செய்யக்கூடிய ஒன்றுக்கு நமக்கு நினைவுப் பொருள் தேவையில்லை. மீண்டும் நிகழாத ஒன்றுக்கே அது தேவைப்படுகிறது என்பது அதன் சாரம். தினமும் போகும் கடையிலிருந்து யாரும் நினைவுப் பொருள் எடுத்துவருவதில்லை. ஆனால் இடித்துவிட்ட பழைய வீட்டின் கதவுப் பிடியை ஒருவர் பத்திரமாக வைத்திருப்பார்.

சவாரிக்கு இது மிகவும் பொருந்தும். புத்தகத்தைத் திரும்பப் படிக்கலாம். திரைப்படத்தைத் திரும்பப் பார்க்கலாம். சவாரியோ அந்த இடத்தில், அந்த இயந்திரம் இயங்கும் வரை மட்டுமே இருக்கிறது. இயந்திரம் அகற்றப்பட்டால் காணொளிப் பதிவு காட்சியைக் காட்டும். ஆனால் வண்டியின் அசைவையும் இருட்டின் குளிர்ச்சியையும் அருகில் அமர்ந்திருந்த பாட்டியின் கையையும் அதில் பெற முடியாது. சவாரி இயங்கும்போது வெளியேறும் வழியில் வாங்கிய பொம்மை, அப்போது வெறும் பொம்மை. சவாரி மூடப்பட்ட பின் அது ‘நான் அங்கே இருந்தேன்’ என்பதற்கான சாட்சி ஆகிறது.

வயதும் கணக்கில் சேரும். 1985இல் எட்டு வயதில் ஃபிக்மெண்டைப் பார்த்த குழந்தைக்கு 2022இல் 45 வயது. சொந்தமாகச் சம்பாதிக்கும் வயது. தன் குழந்தையை அதே பூங்காவுக்கு அழைத்துவரும் வயது. அன்று பெற்றோர் வாங்கித் தராத பொம்மையை இன்று அவர் தானே வாங்க முடியும்.

பொருட்களின் வகைகள்

ஃபிக்மெண்ட் பொருட்களைச் சேகரிப்போர் அவற்றை நான்கு வகையாகப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதல் வகை, சவாரி இயங்கிய காலத்திலேயே விற்கப்பட்டவை. 1983 முதல் 1998 வரை விற்பனையான பஞ்சுப் பொம்மைகள், கைப்பொம்மைகள், சிறு ரப்பர் உருவங்கள், குவளைகள், அஞ்சலட்டைகள் இதில் அடங்கும். பெரும்பாலானவை குழந்தைகள் விளையாடுவதற்காக வாங்கப்பட்டவை. ஆகவே கிழியாமல், நிறம் மங்காமல் எஞ்சியவை குறைவு. ட்ரீம்ஃபைண்டர் உருவம் உள்ளவை இன்னும் அரிது. காரணம் எளிது: ஃபிக்மெண்ட் பொருட்கள் பின்னரும் தொடர்ந்து தயாரிக்கப்பட்டன, ட்ரீம்ஃபைண்டர் சவாரியை விட்டு நீங்கியவர்.

இரண்டாம் வகை, சவாரியின் உண்மையான பாகங்கள். வண்டிப் பலகை, காட்சிப் பொருள், அறிவிப்புப் பலகை, வடிவமைப்பு ஓவியம் போன்றவை எப்போதாவது ஏலத்துக்கு வரும். மூடப்பட்ட சவாரிகளின் பாகங்களுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை 2018இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த ஓர் ஏலம் காட்டியது. திரைப்பட இசைத்துறை முகவரான ரிச்சர்ட் கிராஃப்ட், பல ஆண்டுகளாகச் சேர்த்த டிஸ்னிலாந்து பொருட்களை அப்போது விற்றார். மொத்த விற்பனை 80 லட்சம் டாலரைத் தாண்டியது. தம் அண்ணனின் மறைவுக்குப் பின், இருவரும் மகிழ்ச்சியாக இருந்த இடத்தின் நினைவாகவே அவர் சேகரிக்கத் தொடங்கினார். ஏலத் தொகையின் ஒரு பகுதி, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான அமைப்புகளுக்குச் சென்றது.

மூன்றாம் வகை, மூடப்பட்ட பிறகு நிறுவனமே பழைய பாணியில் தயாரிப்பவை. எப்காட் சென்டரின் ஒவ்வொரு கூடத்துக்கும் வட்ட வடிவச் சின்னம் ஒன்று இருந்தது. அவற்றை வரைந்தவர் நார்ம் இனோய். இன்று இயங்காத கூடங்களின் சின்னங்களும் சட்டைகளிலும் குவளைகளிலும் மீண்டும் அச்சாகின்றன. பின் வில்லைகளும் இவ்வகையில் முக்கியமானவை. 1999 அக்டோபரில், புத்தாயிரம் ஆண்டுக் கொண்டாட்டத்தையொட்டி, பின் வில்லைகளைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கத்தை டிஸ்னி வேர்ல்ட் தொடங்கியது. முதல் சவாரி மூடப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த நேரம் அது. குறைந்த எண்ணிக்கையில் வெளியிடப்படும் வில்லையின் பின்புறத்தில் மொத்தம் எத்தனை தயாரிக்கப்பட்டன என்பது பொறிக்கப்பட்டிருக்கும். 2014இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட ‘ஃபிக்மெண்ட்’ படக்கதைத் தொடரும் இவ்வகையில் சேரும். ஜிம் ஸப் எழுதிய அக்கதை, சவாரியிலிருந்து நீக்கப்பட்ட ட்ரீம்ஃபைண்டருக்கு ஒரு முன்கதையைக் கொடுத்தது.

நான்காம் வகை, ரசிகர்கள் தாங்களே செய்பவை. கையால் தைத்த பொம்மை, மர வேலைப்பாடு, பழைய சவாரியின் காட்சியைச் சிறிய அளவில் அமைத்த மாதிரி முதலியவை இதில் வரும். நிறுவனம் கைவிட்ட காட்சிகளை ரசிகர்களே நினைவிலிருந்து மீட்டெடுப்பதால் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. எனினும் பாத்திரத்தின் உரிமை நிறுவனத்திடமே இருப்பதால், அனுமதியின்றி விற்பனை செய்வது பதிப்புரிமைச் சட்டப்படி சிக்கலுக்கு உரியது.

காலத்தைக் கண்டறியும் வழிகள்

ஒரு பொருள் உண்மையில் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதை அறியச் சில எளிய குறிப்புகள் உதவும்.

பூங்காவின் பெயரை முதலில் பார்க்க வேண்டும். ‘எப்காட் சென்டர்’ என்று முழுப்பெயர் இருந்தால் அது 1982 முதல் 1993 வரையிலான பெயர். ‘எப்காட் 94’, ‘எப்காட் 95’ என ஆண்டைச் சேர்த்து எழுதியது அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது. அதன்பின் ‘எப்காட்’ மட்டும் நிலைத்தது. ஆனால் பழைய பாணிப் பொருட்களிலும் ‘எப்காட் சென்டர்’ என்று வேண்டுமென்றே அச்சிடுவதால், இந்த ஒரு குறிப்பை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்து உரிமைக் குறிப்பு. டிஸ்னி நிறுவனத்தின் பெயர் 1986 வரை ‘வால்ட் டிஸ்னி புரொடக்ஷன்ஸ்’. அந்த ஆண்டில்தான் ‘தி வால்ட் டிஸ்னி கம்பெனி’ என்று மாறியது. ஆகவே பொம்மையின் துணிப்பட்டையிலோ உருவத்தின் அடியிலோ பழைய பெயர் இருந்தால், அது சவாரியின் முதல் சில ஆண்டுகளைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மூன்றாவதாக, உருவத்தோடு யார் இருக்கிறார் என்பது. ட்ரீம்ஃபைண்டரோடு இருந்தால் முதல் சவாரியின் காலம், அல்லது அதை நினைவுகூர்ந்து பின்னாளில் செய்தது. இந்த மூன்று குறிப்புகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் மட்டுமே காலத்தை உறுதியாகச் சொல்ல இயலும்.

போலிகளும் உண்டு. பின் வில்லைகளில் போலி மிக அதிகம். எடை குறைவு, விளிம்பில் சொரசொரப்பு, வண்ணம் குழிந்தோ வழிந்தோ இருத்தல், பின்புற வடிவத்தில் தெளிவின்மை ஆகியவை போலியின் அடையாளங்கள். அரிய வில்லைகள் மொத்தமாக, நம்ப முடியாத குறைந்த விலைக்கு வந்தால் ஐயப்பட வேண்டும்.

2022: பாப்கார்ன் வாளி

மூடப்பட்ட சவாரியின் நினைவு எவ்வளவு வலிமையானது என்பதைப் பொதுமக்கள் பலரும் அறிந்தது 2022 ஜனவரியில். எப்காட் பூங்காவின் ஆண்டுக் கலைவிழா ஜனவரி 14 அன்று தொடங்கியபோது, ஃபிக்மெண்ட் வடிவில் செய்யப்பட்ட நெகிழிப் பாப்கார்ன் வாளி விற்பனைக்கு வந்தது. விலை 25 டாலர். ஒருவருக்கு இரண்டு என்ற வரம்பும் இருந்தது.

வாளியை வாங்க மக்கள் பல மணி நேரம் வரிசையில் நின்றனர். சிலர் ஏழு மணி நேரம் வரை காத்திருந்ததாகச் செய்திகள் வெளியாயின. பூங்காவின் நுழைவுச்சீட்டுக்குத் தனியே பணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள், அந்த நாளின் பெரும்பகுதியை ஒரு வாளிக்காகச் செலவிட்டனர். விற்பனை தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஈபே போன்ற இணையச் சந்தைகளில் அதே வாளி பல மடங்கு விலைக்கு ஏறியது. அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் நாளிதழ்கள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன.

அதே பூங்காவில் ஃபிக்மெண்டின் தற்போதைய சவாரியும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அது பொதுவாகப் பெரிய கூட்டம் சேராத சவாரி. ஃபிக்மெண்டைச் சவாரியில் பார்க்கச் சில நிமிடங்கள். ஃபிக்மெண்ட் வாளி வாங்கப் பல மணி நேரம். இந்த முரண்பாடு பலருக்கு நகைப்பைத் தந்தது. ஆனால் சேகரிப்பாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். இப்போதுள்ள சவாரி அவர்கள் இழந்த சவாரி அன்று. வாளியில் இருப்பதோ, அவர்கள் சிறுவயதில் கண்ட அதே முகம்.

வரிசையில் நின்ற அனைவரும் ரசிகர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுவிற்பனைக்காகவே வந்தவர்களும் இருந்தனர். நினைவுக்காக வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்ப, இலாபத்துக்காக வந்தவர் இரண்டோடு திரும்பும் நிலை, இத்தகைய வெளியீடுகளில் அடிக்கடி எழும் குறைபாடு.

இந்த வரவேற்புக்குப் பின், 2023 செப்டம்பரில், பார்வையாளர்கள் ஃபிக்மெண்டை நேரில் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அதே கற்பனைக் கூடத்தில் திறக்கப்பட்டது.

ஒப்பிடத்தக்க பிற சவாரிகள்

டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1971 முதல் இயங்கிய ‘மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைடு’, 1998 செப்டம்பர் 7 அன்று மூடப்பட்டது. கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய குழந்தைகள் நாவலில் வரும் தேரையார்தான் அதன் நாயகர். மூடும் திட்டம் கசிந்ததும் ரசிகர்கள் பச்சைச் சட்டை அச்சிட்டு அணிந்துகொண்டு, சவாரியின் முன் அமைதியாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். எதிர்ப்பு பயன் தரவில்லை. ஆனால் அதற்காக அச்சிட்ட சட்டையே பின்னர் ஒரு சேகரிப்புப் பொருளாயிற்று. பூங்காவிலும் சிறு அடையாளம் எஞ்சியுள்ளது: ஆவி மாளிகைச் சவாரியின் வெளியே உள்ள வளர்ப்புப் பிராணிகளின் கல்லறைத் தோட்டத்தில் தேரையாருக்கு ஒரு சிலை இருக்கிறது.

எப்காட் பூங்காவின் ‘ஹொரைசன்ஸ்’ சவாரி, எதிர்கால வாழ்க்கையைக் காட்டியது. 1983இல் திறந்த அது 1999 ஜனவரியில் மூடப்பட்டு, பின் கட்டடமும் இடிக்கப்பட்டது. அதன் சின்னம் பொறித்த சட்டைகளை அணிவோர், அச்சவாரியில் ஏறியதில்லை என்றாலும் எப்காட்டின் தொடக்கக் கால இலட்சியத்தின்மேல் பற்றுள்ளவர்கள்.

‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ வேறு வகையான எடுத்துக்காட்டு. மேஜிக் கிங்டம் பூங்காவில் 1992 முதல் இயங்கிய இந்த நீர்ச்சவாரி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. மூடப்பட்டதும், சவாரியின் தண்ணீர் என்று சொல்லிப் புட்டிகளில் அடைத்த நீரை இணையத்தில் விற்பனைக்கு வைத்தவர்களும் உண்டு. அந்த நீர் உண்மையில் எங்கிருந்து வந்தது என்பதை மெய்ப்பிக்க வழியே இல்லை. கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்திலும் அதே ஆண்டு இச்சவாரி மூடப்பட்டது. இரு இடங்களிலும் 2024இல் ‘டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்’ என்ற புதிய சவாரி திறந்தது.

விமர்சனங்கள்

முதல் விமர்சனம், நிறுவனத்தைப் பற்றியது. தானே மூடிய சவாரியின் துயரத்தைத் தானே விலை வைத்து விற்கிறது என்பது அது. சவாரியைப் பராமரிக்க ஆண்டுதோறும் செலவு உண்டு. அதன் நினைவை ஒரு வாளியில் அச்சிட்டு விற்றால் வரவு மட்டுமே. இப்படிப் பார்த்தால் இயங்கும் சவாரியைவிட மூடிய சவாரியே இலாபகரமானது என்ற விபரீதமான முடிவுக்கு வர நேரும். இதற்கு மறுமொழியும் உண்டு. ஃபிக்மெண்ட் 2002இல் சவாரிக்குத் திரும்பியதற்கு மக்கள் அவனை மறக்காமல் இருந்ததே காரணம். ஒரு பாத்திரத்தின் பொருட்கள் தொடர்ந்து விற்பனையாவது, அவனை நீக்கக் கூடாது என்று வாடிக்கையாளர் அளிக்கும் வாக்கைப் போன்றதும் ஆகும்.

இரண்டாவது, ஏக்கம் எப்போதும் களங்கமற்றதா என்ற கேள்வி. ஸ்பிளாஷ் மவுண்டன் சவாரி, 1946இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் த சவுத்’ திரைப்படத்தின் பாத்திரங்களைக் கொண்டது. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் கறுப்பின மக்களின் வாழ்வை இனிமையாகக் காட்டி உண்மையை மறைத்தது என்று அப்படம் நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டது. அமெரிக்காவில் வீட்டில் பார்ப்பதற்கான வடிவில் அதை டிஸ்னி வெளியிடவே இல்லை. சவாரியை மாற்றும் முடிவு 2020 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்குக் குடும்பத்தோடு நனைந்த இனிய நினைவாக இருக்கும் பொருள், இன்னொருவருக்குத் தம் முன்னோரின் துன்பம் மறைக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். சேகரிப்பவர் இந்த வரலாற்றையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, விலையைப் பற்றியது. மறுவிற்பனை விலை ஏற ஏற, நினைவு உள்ளவரிடமிருந்து பணம் உள்ளவரிடம் பொருள் நகர்கிறது. பெட்டியைத் திறக்காமல் அலமாரியில் வைத்தால்தான் மதிப்பு என்ற வழக்கமும் வளர்கிறது. கற்பனையைத் தூண்டுவதற்காகப் பிறந்த ஒரு பாத்திரத்தின் பொம்மையை எந்தக் குழந்தையும் தொடக் கூடாது என்று பூட்டிவைப்பது, அச்சவாரி சொன்ன செய்திக்கு நேர்மாறானது.

பாதுகாப்பும் பதிவும்

ஃபிக்மெண்ட் பொருட்களுக்கு முதல் பகை வெயில். ஊதாச் சாயம் எளிதில் வெளுக்கும். நேரடி ஒளி படாத, ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். பஞ்சுப் பொம்மைகளை நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தூய பருத்தித் துணியில் சுற்றுவது நல்லது. துணிப்பட்டையை வெட்டக் கூடாது. காலத்தைக் காட்டும் சான்று பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இதைவிட முக்கியமானது, பொருளோடு அதன் கதையையும் எழுதிவைப்பது. யார், எந்த ஆண்டில், யாரோடு சென்றபோது வாங்கியது என்ற நான்கு வரிகள் போதும். பொம்மை ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்பட்டது; அந்த நான்கு வரி ஒன்றே ஒன்றுதான். கதை இல்லாத பொருள் அடுத்த தலைமுறைக்கு வெறும் பழைய பொம்மையாகவே போய்ச் சேரும்.

சவாரியின் பதிவும் இப்படித்தான் காப்பாற்றப்பட்டது. வருகையாளர்கள் தங்கள் வீட்டுப் படக்கருவியில் எடுத்த காணொளிகள், புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் முதல் சவாரி எப்படி இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிகிறது. மூடப்பட்ட சவாரிகளின் வரலாற்றைச் சொல்வதற்கென்றே 2017இல் யூடியூபில் ‘டிஃபங்ட்லேண்ட்’ என்ற தொடர் தொடங்கியது. 1998க்குப் பின் பிறந்தவர்களும் ட்ரீம்ஃபைண்டரை அறிந்திருப்பதற்கு, இத்தகைய பதிவுகளும் யாரோ ஒருவர் பரணில் பத்திரமாக வைத்திருந்த ஊதா நிறப் பொம்மைகளுமே காரணம்.